செட்டிநாட்டில் ஆடு மாடு பார்க்க, வண்டி ஏற ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி என்று பெரிய வீடுகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு வழி சொல்ல ஆட்கள் நிறைய உண்டு. "பிள்ளைகளுக்கு ஆடு மாடு காட்டணும், மாட்டு வண்டியில் ஒரு சுற்று ஏற்றணும், இருட்டுவதற்குள் ஊர் திரும்பணும்" என்று கேட்பவர்களுக்குத்தான் பதில் கிடைப்பதில்லை. இந்தப் பக்கத்துக்காரன் என்ற முறையில், திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த நாளை உங்கள் வசதிக்குத் திட்டமிட்டால் பாதிதான் கிடைக்கும். ஆடு எப்போது மேய்ச்சலுக்குப் போகும், மாடு எப்போது வண்டி இழுக்கும், எப்போது படுத்து அசைபோடும் என்று தெரிந்துகொண்டு அதற்குத் தக்கபடி வாருங்கள். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அதைத்தான் சுற்றி வரும்.

இதற்கென்று டிக்கெட் எடுத்துப் போகிற பண்ணை இருக்கிறதா?

எல்லாம் ஒரே வேலிக்குள் இருக்கும் இடத்தைத் தேடி அலையாதீர்கள். இங்கே இந்த நாளை நாமேதான் கோத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மூன்று வழிகள். பழைய வீடுகளை விடுதியாக்கி நடத்துபவர்கள் பலரும் மாட்டு வண்டிக்கும் சைக்கிளுக்கும் ஏற்பாடு செய்து தருகிறார்கள். அவர்களிடமே "ஆடு மாடு வைத்திருக்கும் தோட்டம் ஏதாவது காட்ட முடியுமா" என்று கேட்கலாம். அடுத்தது, தெரிந்தவர் தோட்டம். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டத்தில் சொந்தபந்தம் உள்ளவர்களுக்கு ஒரு போன் போதும். இரண்டும் இல்லையென்றால், முதல் நாளே வந்து தங்கி, டீக்கடையில் விசாரித்து ஒரு வண்டிக்காரரைப் பிடிக்கலாம். மூன்றாவதில் அலைச்சல் அதிகம். ஆனால் ஊர் நன்றாகத் தெரிய வருவது அதில்தான்.

செட்டிநாடு என்ற பெயரிலேயே அரசு கால்நடைப் பண்ணை ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் கிடப்பதும் அந்தப் பக்கம்தான். இணையத்தில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு வாசலில் போய் நிற்பவர்கள் உண்டு. அது கால்நடை இனங்களை வளர்த்துப் பெருக்குவதற்கான இடம், சுற்றுலாவுக்கு அல்ல. அனுமதி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள்.

எந்த மாதம் வரலாம்?

மார்கழி, தை, மாசி. காலைப் பனி, இதமான வெயில், கண்மாயில் தண்ணீர் என எல்லாம் கூடி வருவது அப்போதுதான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. பார்க்கப் பச்சையாக இருக்கும், ஆனால் செம்மண் பாதை குழைந்துவிடும். சக்கரம் இறங்கிவிட்டால் வண்டிக்காரர் மாட்டை அவிழ்ப்பாரா, உங்களை இறக்கித் தள்ளச் சொல்வாரா என்று பார்க்க வேண்டியதுதான்.

பலர் கேட்பது மே மாதத்தைப் பற்றி, பள்ளி விடுமுறை என்பதால். என்னைக் கேட்டால் வேண்டாம். சித்திரை, வைகாசியில் வெயில் 38, 40 டிகிரி என்று போகும். வேறு வழியில்லை என்றால் வெளி வேலையைக் காலை 9 மணிக்குள் முடித்துக்கொண்டு, மீதியைச் சாயங்காலம் 5 மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் வாரத்தில் வருபவர்களுக்கு ஒரு தகவல். மாட்டுப் பொங்கலன்று மாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் தீட்டி மாலை போட்டிருப்பார்கள். பார்க்க அதைவிட நல்ல நாள் கிடையாது. ஆனால் அன்று வண்டி பூட்ட மாட்டார்கள். மாட்டுக்கு அன்று ஓய்வு. பணம் அதிகம் தருகிறேன் என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள்.

எத்தனை மணிக்கு வந்து சேர வேண்டும்?

காலை 6 மணிக்கு இங்கே இருந்தால் எல்லாம் பார்க்கலாம். 10 மணிக்கு வந்தால் ஆட்டுப்பட்டி காலியாக இருக்கும், மாடு நிழலில் படுத்திருக்கும்.

விடியலில் பால் கறவை. அது முடிந்து மாட்டுக்குத் தீனி, தண்ணீர் காட்டியபின் 7 மணி வாக்கில் வண்டி பூட்டலாம். ஆட்டை அவ்வளவு சீக்கிரம் அவிழ்த்து விட மாட்டார்கள். பனி ஈரத்தோடு புல்லை மேய்ந்தால் வயிற்றில் புழு ஏறும் என்பது மேய்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். வெயில் ஏறிப் புல் காய்ந்த பிறகு, எட்டு எட்டரைக்கு மேல்தான் கிளப்புவார்கள். அதனால் வண்டிச் சவாரி முதலில், ஆட்டுப்பட்டி பிறகு என்று வைத்துக்கொண்டால் இரண்டும் கிடைக்கும்.

பதினொன்றிலிருந்து மூன்றரை வரை வெளியில் வேலை இல்லை. நாலு மணிக்கு மேல் சைக்கிளோ இன்னொரு சுற்று வண்டியோ வைத்துக்கொள்ளலாம். அப்புறம் ஐந்தரை, ஆறுக்கு ஆடு திரும்பும் நேரம். அதைப் பார்க்காமல் மட்டும் கிளம்பிவிடாதீர்கள். பால்குடிக் குட்டிகளை மேய்ச்சலுக்குக் கூட்டிப் போக மாட்டார்கள். பகல் முழுவதும் குடாப்பு என்கிற கவிழ்த்த பெரிய கூடைக்குள் போட்டு மூடி வைத்திருப்பார்கள். மந்தை திரும்பும் தூசி தெரிந்ததுமே உள்ளே கத்தல் ஆரம்பித்துவிடும். குடாப்பைத் தூக்கியதும் குட்டிகள் சிதறி ஓடும். நாற்பது, ஐம்பது தாய்கள், அத்தனை குட்டிகள், எல்லாம் ஒரே நேரத்தில் கத்தும். தப்பான மடியில் முட்டிய குட்டியைத் தாய் மோந்து பார்த்துத் தள்ளிவிடும். அது அடுத்ததற்கு ஓடும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அதனதன் தாயைக் கண்டுபிடித்து, வாலை ஆட்டிக்கொண்டு பால் குடிக்க ஆரம்பித்ததும் சத்தம் அடங்கிவிடும். பிள்ளைகள் வாய் மூடாமல் பார்ப்பார்கள், பெரியவர்களும்தான்.

எப்படி வருவது?

சென்னையிலிருந்து ரயிலில் வந்தால் காரைக்குடியில் இறங்கலாம். பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடி வரைதான் வரும். செட்டிநாடு என்றே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, ஆனால் எல்லா ரயிலும் அங்கே நிற்காது. காரில் என்றால் திருச்சி, புதுக்கோட்டை, திருமயம் வழியாக இராமேசுவரம் சாலையில் வரலாம். மதுரைக்காரர்களுக்குத் திருப்பத்தூர், பிள்ளையார்பட்டி, குன்றக்குடி வழி. திருச்சி, மதுரை இரண்டிலிருந்தும் காரைக்குடி தோராயமாக 90 கிலோமீட்டர். விடியற்காலையில் தோட்டத்தில் இருக்க வேண்டும் என்பதால், முந்தின நாள் இரவே வந்து தங்குவதுதான் புத்திசாலித்தனம்.

என்னென்ன விலங்குகளைப் பார்க்க முடியும்?

சிங்கம், ஒட்டகச்சிவிங்கி கிடையாது என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இருப்பது ஆடு, மாடு, கோழி, நாய். அதற்குள்ளேயே பார்க்க நிறைய இருக்கிறது.

மாட்டில் சிவகங்கை மாவட்டத்தின் சொத்து புலிக்குளம். மானாமதுரைப் பக்கம் உள்ள புலிக்குளம் என்ற ஊரின் பெயரில் வந்த இனம். மஞ்சுவிரட்டுக் காளை என்றால் பெரும்பாலும் இதுதான். ஆனால் இதன் முக்கிய வேலை கிடை போடுவது. அறுவடை முடிந்த வயலில் ராத்திரி மந்தையை மடக்கி வைப்பார்கள். சாணமும் கோமியமும் அந்த வயலுக்கு உரம், அதற்கு நிலத்துக்காரர் கூலி கொடுப்பார். மந்தை வயல் வயலாக, ஊர் ஊராக நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் கிடை மாடு பார்க்க ஆசைப்பட்டால் அது இன்று எந்த ஊரில் கிடக்கிறது என்று விசாரிக்க வேண்டும். அந்த மாடுகள் ஆள் பழக்கம் குறைந்தவை. கிட்டே போகாமல் வரப்பில் நின்று பாருங்கள்.

வண்டி மாடுகளில் காங்கேயமும் உம்பளாச்சேரியும் கண்ணில் படும். இரண்டிலுமே கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், வளர வளர சாம்பல் நிறத்துக்கு மாறும். தாய் ஒரு நிறம், கன்று ஒரு நிறம் என்று பிள்ளைகள் குழம்பினால் இதைச் சொல்லலாம். பாலுக்கு வைத்திருப்பது பெரும்பாலும் கலப்பினம். ஜெர்சி முகத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிடும்.

ஆட்டில் வெள்ளாடும் செம்மறியும் வேறு வேறு என்பதே நகரத்துப் பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி. செம்மறி தலையைக் குனிந்து தரையை மேயும். வெள்ளாடு வேலியில் முன்னங்காலைத் தூக்கி வைத்து மேலே உள்ள இலையைத்தான் பறிக்கும். குட்டைக்கால் பள்ளையாடு இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. தெற்கே விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கன்னி ஆடும் சில தோட்டங்களில் இருக்கிறது. கறுத்த உடம்பு, முகத்தில் இரண்டு பக்கமும் கோடு இழுத்திருக்கும்.

கோழியில் சிறுவிடை, பெருவிடை, கிராப்பு, எங்காவது கருங்கோழி. கினிக்கோழி வைத்திருப்பவர்களும் உண்டு. பாம்பு வந்தால் அது கத்திக் காட்டிக்கொடுக்கும் என்று நம்பி வளர்க்கிறார்கள். வான்கோழிச் சேவலிடம் மட்டும் சின்னப் பிள்ளைகளை விடாதீர்கள். அது துரத்தும்.

மாட்டு வண்டிச் சவாரி எப்படி இருக்கும்?

உண்மையைச் சொன்னால், குலுக்கும். பத்து நிமிஷம் சிரிப்பாக இருக்கும், அரை மணியில் இடுப்பு சொல்லும். ஊருக்குள் ஒரு சுற்று, கண்மாய்க் கரை வரை போய்த் திரும்புவது, அவ்வளவு போதும்.

இப்போது ஓடுவது அதிகமும் டயர் வண்டி. இரும்புப் பட்டை போட்ட மரச்சக்கரக் கட்டை வண்டி குறைந்துவிட்டது. படத்துக்கு நன்றாக இருக்காது என்று டயர் வண்டியை ஒதுக்குபவர்கள் உண்டு. நான் அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், மாட்டுக்கு இழுவை லேசு. சில இடங்களில் பழைய வில்வண்டியைச் சரிசெய்து வைத்திருக்கிறார்கள். அடியில் வில் வைத்திருப்பதால் குலுக்கல் குறைவு, கூண்டும் இருக்கும். வயதானவர்கள் உடன் இருந்தால் அதைக் கேளுங்கள்.

ஏறுவதில் ஒரு ஒழுங்கு உண்டு. வண்டிக்கு இரண்டே சக்கரம். எல்லோரும் ஒரே நேரத்தில் பின்பக்கம் தொற்றினால் பின்பாரம் ஆகி நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். எல்லோரும் முன்னால் போய் உட்கார்ந்தால் முன்பாரம், மொத்தச் சுமையும் மாட்டின் கழுத்தில் இறங்கும். நல்ல வண்டிக்காரர் ஏறியதும் திரும்பிப் பார்த்து, "அய்யா, நீங்க கொஞ்சம் பின்னால தள்ளுங்க, தம்பி நீ முன்னால வா" என்று ஆட்களை நகர்த்துவார். நுகத்தடி மாட்டின் கழுத்தில் லேசாகப் படிந்து நின்றதும்தான் கயிற்றை விடுவார். உங்களைக் குண்டு என்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள்.

கிளம்பும் முன் மாட்டின் காலைப் பாருங்கள். தார்ச் சாலையில் நடக்கும் மாட்டுக்கு லாடம் அடித்திருக்க வேண்டும். குதிரைக்குக் குளம்புக்கு ஒன்று, மாட்டுக்குக் குளம்பு பிளந்திருப்பதால் ஒரு காலுக்கு இரண்டு துண்டு. கழுத்தில், நுகத்தடி உராயும் இடத்தில் புண் இருந்தால் அந்த வண்டியில் ஏறாதீர்கள். "மாட்டுக்குக் கழுத்து நோகுது போல, இன்னொரு நாள் வர்றோம்ணே" என்று சொன்னால் போதும், சண்டை தேவையில்லை.

ஒரு வண்டியில் எத்தனை பேர் ஏறலாம்?

நான்கு பேர். வண்டிக்காரரும் 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். இது நான் போட்ட கணக்கு இல்லை, இழுவை மாடுகளுக்கான 1965-ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகளில் இருப்பது. 37 டிகிரிக்கு மேல் வெயில் ஏறும் இடங்களில் பகல் 12 முதல் 3 வரை மாட்டைப் பூட்டக் கூடாது, ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, முள் வைத்த தார்க்குச்சி கூடாது என்பவையும் அதிலேயே இருக்கின்றன. பன்னிரண்டு பேர் கொண்ட குடும்பம் என்றால் மூன்று வண்டி சொல்லுங்கள், அல்லது முறை வைத்து ஏறுங்கள்.

இதெல்லாம் மாட்டை வதைப்பது ஆகாதா?

பாரம் அளவாக, நேரம் காலையாக, பாதை மண்ணாக இருந்தால் வண்டி மாட்டுக்கு அது வழக்கமான வேலை. வண்டி வேலை போனபின் உழவு மாட்டை வைத்துத் தீனி போட யாருக்கும் கட்டுப்படி ஆகவில்லை. டிராக்டர் வந்தபிறகு மாடு போன இடம் அடிமாட்டுச் சந்தை. இந்தச் சவாரிக் காசில் ஒரு ஜோடி மாடு தொழுவத்தில் நிற்கிறது என்றால் எனக்கு அதில் குறை தெரியவில்லை. ஆனால் வேகமாக ஓட்டச் சொல்லி வாலை முறுக்க வைப்பதும், இரண்டு வண்டியைப் போட்டி விடச் சொல்வதும் வதைதான். ரீல்ஸுக்காக அப்படிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

குதிரைச் சவாரி உண்டா?

விடுதி வைத்திருப்பவர்கள் சிலர் மட்டக்குதிரை வளர்க்கிறார்கள். முன்கூட்டிக் கேட்டு வைத்தால் பிள்ளைகளை ஏற்றி, கயிற்றைப் பிடித்து நடத்திக் கூட்டிப் போவார்கள். மற்றபடி செட்டிநாட்டுக் குதிரை என்றால் மண் குதிரைதான். அய்யனார் கோயில்களில் புரவி எடுப்பு, அதாவது மண் குதிரைகளைச் சுமந்துபோய்ச் செலுத்தும் திருவிழா, முடிந்து வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார்கள். புதுக்கோட்டை போகும் வழியில் நமணசமுத்திரத்தில் இறங்கிப் பாருங்கள், மரத்தடியில் வரிசை வரிசையாக நிற்கும், பழசு கரைந்து புதுசுக்கு இடம் விட்டுக்கொண்டு. அதன் மேல் பிள்ளைகளை ஏற்றிப் படம் எடுக்கக் கூடாது. அது நேர்த்திக்கடன்.

டிராக்டர், சைக்கிள்?

தோட்டத்துக்குள் டிராக்டர் ட்ரெய்லரில் வைக்கோல் போட்டு உட்கார வைத்து ஒரு சுற்று விடுவார்கள். மெதுவாக, ஒரு பெரியவர் உடன் இருந்து என்றால் சரி. மட்கார்டு மேல் பிள்ளையை உட்கார வைப்பது கூடவே கூடாது. ட்ரெய்லரில் ஆளை ஏற்றிக்கொண்டு பொதுச் சாலைக்கு வருவது சட்டப்படியும் தப்பு.

சைக்கிள்தான் என் கட்சி. நிலம் சமதளம், ஊருக்கும் ஊருக்கும் தூரம் குறைவு, உள்சாலைகளில் வண்டி நடமாட்டமும் குறைவு. கானாடுகாத்தான் தெருக்கள் நேர்க்கோட்டில் இருக்கும். ஒரு தெருவில் முகப்பு இருக்கும் வீட்டின் பின்கட்டு அடுத்த தெருவில் முடியும், அவ்வளவு நீளம். சைக்கிளில் சுற்றினால்தான் அது தெரியும். கிளம்பும் முன் பிரேக்கையும் சீட்டு உயரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கருவேல முள் டயரில் ஏறுவது இங்கே சகஜம்.

பிள்ளைகள் தீனி கொடுக்கலாமா?

கொடுக்கலாம், தோட்டக்காரர் கையில் கொடுப்பதை மட்டும். அகத்திக்கீரை, சோளத்தட்டை, கடலைக்கொடி, கோ-4 புல் என்று ஏதாவது தருவார். கட்டாகப் பிடித்து நீட்டாமல் ஒவ்வொரு கொத்தாகக் கொடுக்கட்டும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் மேல்தாடையில் முன்பல் கிடையாது என்பதால் விரித்த உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தால் பயமில்லை, நாக்கு சொரசொரப்பாகப் படும், அவ்வளவுதான். குதிரைக்கு மேலும் கீழும் பல் உண்டு. விரலை மடக்காமல் கை தட்டையாக இருக்க வேண்டும்.

சோறு, பொங்கல், பிரெட், பிஸ்கட், வாழைப்பழத் தாரே கூட, பாசத்தில் கொண்டுவந்து ஊட்டிவிடாதீர்கள். மாட்டின் முதல் வயிறு வைக்கோலுக்கும் புல்லுக்கும் பழகியது. மாவுச்சத்து ஒரேயடியாகப் போனால் உள்ளே புளித்து அமிலம் ஏறும், மாடு அசைபோடுவதை நிறுத்தி உப்பிப் படுத்துவிடும், உயிரே போகலாம். பொங்கல் முடிந்த மறுநாள் கால்நடை மருத்துவர்களுக்கு வேலை அதிகம் வருவது இதனால்தான். கேரி பையை வேலியோரம் போட்டுவிட்டு வராதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

முட்டாதா? உதைக்காதா?

முட்டும், உதைக்கும். அதனால்தான் தோட்டக்காரர் "அந்தப் பக்கம் போகாதீங்க" என்றால் காரணம் கேட்காமல் நகர வேண்டும். மாட்டுக்கு நேர் பின்னால் இருப்பது தெரியாது. பக்கவாட்டில், அது பார்க்கும்படி, குரல் கொடுத்துக்கொண்டே போங்கள். பசு காலைப் பக்கவாட்டில் வீசி உதைக்கும், குதிரை நேர் பின்னால் உதைக்கும். கன்று ஈன்ற புதுசில் எந்தச் சாதுப் பசுவையும் நம்ப வேண்டாம். குஞ்சோடு இருக்கும் கோழியும் அப்படித்தான், சின்ன உருவம் என்று பார்க்காது.

பால் கறக்க விடுவார்களா? கறந்த பாலை அப்படியே குடிக்கலாமா?

பழகிய பசு என்றால் இரண்டு பீச்சு பீச்சிப் பார்க்க விடுவார்கள். புது ஆளைக் கண்டால் சில மாடு பாலை அடக்கிக்கொள்ளும், அதனால் கறவையின் கடைசியில்தான் உங்கள் முறை வரும். பச்சைப் பால் வேண்டாம். மாட்டிடமிருந்து மனிதருக்கு வரும் கன்றுவீச்சு நோய்க்கு (புரூசெல்லோசிஸ்) அது நேர்வழி. காய்ச்சித் தரச் சொல்லுங்கள், கருப்பட்டி போட்டு வாங்கிக் குடியுங்கள். கர்ப்பிணிகள் பச்சைப் பாலையும், ஆடு குட்டி ஈனும் இடத்தையும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும்.

நடுப்பகலில் என்ன செய்வது?

அதற்குத்தான் செட்டிநாட்டு வீடுகள் இருக்கின்றன. வெளியே தார் உருகும்போது வளவு வாசலில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில் உட்கார்ந்தால் காற்று வரும். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுவரும், உயர்ந்த கூரையும் சும்மா இல்லை. ஆத்தங்குடியில் பெரிய வீடு ஒன்றைக் கட்டணம் வாங்கிக்கொண்டு சுற்றிக் காட்டுகிறார்கள். பக்கத்திலேயே தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் (டைல்) செய்யும் பட்டறைகள். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, கட்டத்துக்குக் கட்டம் வர்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, மேலே சிமென்ட் தூவிக் கலவையைப் பூசுவார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்பார்கள். சூளை கிடையாது. கண்ணாடியில் பட்டிருந்த பக்கம்தான் அந்தப் பளபளப்பு. பிள்ளைகளுக்கு இது ஆட்டுக்குட்டிக்கு அடுத்தபடி பிடிக்கும்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தூக்கம் போடுங்கள். மாடும் அந்த நேரத்தில் அதைத்தான் செய்கிறது.

சாப்பாடு?

முதல் நாளே சொல்லிவிடுங்கள். இங்கே நல்ல சாப்பாடு ஆர்டர் கொடுத்த அரை மணியில் வராது. சைவத்துக்கு வெண்டைக்காய் மண்டி, வாழைப்பூ, கவுனி அரிசி என்று கேட்கலாம். அசைவத்துக்கு நாட்டுக்கோழிக் குழம்பும் உப்புக்கறியும். நாலு மணிக்கு இடைப்பலகாரம் மறக்க வேண்டாம். வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் சூடாகக் கிடைத்தால் அன்றைய நாளில் வேறு எதையும் பற்றி நீங்கள் பேச மாட்டீர்கள்.

ஒரு சிக்கல் அடிக்கடி வரும். காலையில் கொஞ்சிய கோழிதான் மத்தியானம் இலைக்கு வந்ததா என்று பிள்ளை கேட்கும். நாலாவது தெருவிலிருந்து வாங்கியது என்று சமையல்கார ஆச்சி சொல்வார். விட்டுவிடுங்கள்.

மஞ்சுவிரட்டும் வண்டிப் பந்தயமும் பார்க்கலாமா?

பொங்கலை ஒட்டி வந்தால் சிராவயல் மஞ்சுவிரட்டு. மாசி மகத்தில் சிங்கம்புணரிப் பக்கம் அரளிப்பாறை. கோயில் திருவிழாக்களில் பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு வைத்து மாட்டு வண்டிப் பந்தயம் நடக்கும். பார்க்க வேண்டியவைதான், ஆனால் சின்னப் பிள்ளைகளோடு அல்ல. மஞ்சுவிரட்டில் தொழுவிலிருந்து வரும் மாடுகள் போக, பொட்டலில் ஆங்காங்கே கட்டுமாடுகளையும் அவிழ்த்து விடுவார்கள். எந்தத் திசையில் வரும் என்று சொல்ல முடியாது. வேடிக்கை பார்த்தவர்கள் குத்துப்பட்டு இறந்ததும் உண்டு. பந்தயத்தில் மாட்டைவிட, பின்னால் பைக்கில் கத்திக்கொண்டு வருகிற கூட்டம்தான் ஆபத்து. போவதென்றால் பெரியவர்கள் மட்டும், மேடை அல்லது மாடி.

ஊருணியில் பிள்ளைகள் இறங்கி விளையாடலாமா?

கூடாது. படிக்கட்டும் சுற்றுச்சுவருமாக அழகாக இருப்பதால் குளிக்கும் குளம் என்று நினைத்துவிடுகிறார்கள். பல ஊருணிகள் குடிதண்ணீருக்காகவே காக்கப்படுபவை, கால் கழுவினாலே சத்தம் போடுவார்கள். தண்ணீரில் ஆட வேண்டுமென்றால் தோட்டத்து மோட்டார்த் தொட்டி இருக்கிறது. கண்மாயில் ஆழம் தெரியாது, இறங்க வேண்டாம்.

பறவைகள்?

நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் வந்தால் திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1977-இல் அறிவிக்கப்பட்டது. கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. மழை பொய்த்த வருஷம் கண்மாய் வற்றிக் கிடக்கும், விசாரித்துவிட்டுப் போங்கள்.

என்ன உடுத்துவது, என்ன எடுத்து வருவது?

பருத்தித் துணி, தொப்பி, மூடிய செருப்பு. வெள்ளை வேண்டாம், செம்மண் கறை போகாது. சோப்பு ஒன்று அவசியம். விலங்கைத் தொட்ட கையை சானிடைசரோடு விடாமல் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், முக்கியமாகச் சாப்பிடும் முன். ராத்திரி குளிப்பாட்டும்போது பிள்ளைகளின் காது மடலுக்குப் பின்னும் அக்குளிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா பாருங்கள். ஒரே நாளில் இரண்டு மூன்று தோட்டம் போவதானால் செருப்பைக் கழுவிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் தொற்றும் கோமாரி நோய் செருப்பிலும் பயணம் செய்யும்.

நாய் கடித்தால், பாம்பைக் கண்டால்?

எந்த நாய் என்றாலும், கீறல் என்றாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரி. மஞ்சள், சுண்ணாம்பு வைக்க வேண்டாம். தடுப்பூசி அரசு மருத்துவமனையில் இலவசம், காரைக்குடியிலேயே போடலாம். தவணைகளை ஊரில் தொடர்ந்து போட்டு முடிக்க வேண்டும். பாம்புக் கடிக்குக் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்டவரை நடக்க விடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வைக்கோல் போருக்குள்ளும் விறகுக் குவியலுக்குள்ளும் கை விடாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை வராது.

எவ்வளவு செலவாகும்?

ஆளுக்கும் சீசனுக்கும் தக்கபடி மாறும். வண்டிக்கு ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள்: கேட்பது ஆளுக்கா, வண்டிக்கா, சுற்றுக்கா, மணிக்கா என்று. இறங்கியபின் பேசினால் இரண்டு பக்கமும் மனஸ்தாபம். விடுதி மூலம் ஏற்பாடு செய்தால் வண்டிக்காரர் கைக்கு எவ்வளவு போகிறது என்று கேட்பதில் தப்பில்லை. ஆடு காட்டிய அப்பத்தா காசு வேண்டாம் என்பார். முட்டையோ, ஒரு படி கடலையோ அவரிடம் விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

போட்டோ, ட்ரோன்?

ஆட்களைக் கேட்டுவிட்டு எடுங்கள். வீட்டுக்குள் ஆச்சிகள் இருக்கும் பகுதியில் கேமராவைத் தூக்காதீர்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம். அந்தச் சத்தத்துக்குப் பூட்டிய மாடு மிரண்டு வண்டியோடு ஓடும்.

எங்கள் வீட்டு நாயையும் கூட்டி வரலாமா?

வேண்டாம். ஆட்டுப்பட்டிக்குக் காவலாகக் கிடக்கிற நாய் உங்கள் லாப்ரடாரை விருந்தாளியாகப் பார்க்காது. குட்டி போட்ட ஆடுகளும் மிரளும். வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.